நாதஸ்வரக் கேசட் ஏன் மங்கலாகக் கேட்கிறது?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் 1988-இல் பதிந்த நாதஸ்வரக் கேசட்டை எம்பி3 ஆக்கினேன். தவில் கேட்கிறது, நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. எம்பி3தான் காரணமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: எம்பி3-ஐக் குறை சொல்லும் முன், கேசட் பிளேயரில் நாடா உரசிச் செல்லும் டேப் ஹெட்டைப் பாருங்கள். அதில் பழுப்புத் துகள் படிந்தால் கூர்மையான ஒலிதான் முதலில் போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து உலரவிடுங்கள். அப்படியும் மங்கலா? ஹெட் சாய்ந்திருக்கலாம். அதன் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள சிறு திருகை, கேசட் ஓடும்போதே கால் சுற்றுக்குள் இருபுறமும் மெல்லத் திருப்புங்கள். சீவாளியின் (நாதஸ்வரத்தில் ஊதும் நாணல் துண்டு) கீச்சு பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். டால்பி (நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் வசதி) இல்லாமல் பதிந்ததென்றால் டால்பி பொத்தானை அணைத்துவிடுங்கள். அதுவும் ஒலியை அமுக்கும்.

பிறகு கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக (எம்பி3 போலச் சுருக்காத ஒலிக்கோப்பு) பதியுங்கள். பதியும்போது ஒலி அளவுமானியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலோடு நிற்கட்டும். 0-வைத் தாண்டினால் தவிலடி பிளந்துவிடும், பிறகு சரியாக மீட்க முடியாது. உறவினருக்கு அனுப்ப மட்டும் எம்பி3 போதும். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வேலூர் வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.