ஆல்ட்டோவில் நிற்பது

அன்புள்ள ஐயா,

எனக்குக் குழித்துறைப் பக்கம். திருவனந்தபுரத்தில் பி.எஸ்சி. முதல் வருடம் படிக்கிறேன். சர்ச்சில் தனிப்பாட்டு என்றால் சின்ன வயதிலிருந்தே என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் வாத்தியமே இல்லாமல் பாடும் அக்கபெல்லா குழு ஒன்று இருக்கிறது. 12 பேர். தேர்வுக்குப் போனேன். பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, கீபோர்டில் நாலைந்து சுரம் வாசித்து அதைத் திருப்பிப் பாடச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஆல்ட்டோவில், அதாவது பெண்குரல்களில் கீழ்வரிசையில். பாட்டு முழுக்க 'டூ டூ' என்று ஒரே இடத்தில் நிற்கிறேன். "ஒனக்க கொரலு அதுல எங்க கேக்கும்?" என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடவேண்டாம்.

பாட்டைப் பாதியில் நிறுத்தியதில் உங்களுக்கு வருத்தம் இருப்பது தெரிகிறது. குரல் எப்படி என்பது நாலு வரியில் தெரிந்துவிடும். காது எப்படி என்று பார்க்கத்தான் அந்தக் கீபோர்டு. அதில் தேறியதால்தான் ஆல்ட்டோ.

நானும் கல்லூரியில் இப்படி ஒரு குழுவில் பாஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடியவன். ஒரு விழாவில் கடைசி வரிக்குக் கீபோர்டு வந்து சேர்வதாக ஏற்பாடு. நண்பன் கட்டையை அமுக்கினான், அரங்கமே சிரித்தது. நாங்கள் சுருதியில் கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கியிருந்தோம். எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. கச்சேரியில் தம்புரா பிடித்து வைத்திருக்கும், இங்கே அது கிடையாது. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போதுதான் மூச்சு தளர்ந்து சுருதி சறுக்கும். ஒரே இடத்தில் நிற்பதாக அலுத்துக்கொள்கிறீர்கள். அந்த இடத்தில் நிற்பதுதான் கஷ்டம்.

அப்புறம், ஆல்ட்டோவுக்கு அடிக்கடி வந்து விழுவது கார்டின், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டின், நடுச் சுரம். ஸ-க-ப என்றால் அந்த க. கீபோர்டின் காந்தாரம், ஸவோடு இயல்பாக ஒட்டும் காந்தாரத்தைவிட, அரைக்கட்டையை 100 பங்காக்கினால் சுமார் 14 பங்கு உயரம். வாத்தியம் இல்லாதபோது அதை ஒரு நூல் இறக்கி வைக்கலாம். சரியாக விழுந்தால் உடனே தெரியும்: 12 குரலும் தட்டிவிட்ட வெண்கலக் கும்பாபோல ரீங்காரமிடும், பக்கத்தில் நிற்பவளின் குரல் உங்கள் நெஞ்சுக்கூட்டில் அதிரும். முன்னால் நின்று மெட்டுப் பாடுகிறவருக்கு இந்த சுகம் பாதிதான் கிடைக்கும். (பாஸ்காரனின் பொறாமை என்றும் வைத்துக்கொள்ளலாம்.)

அக்கபெல்லா என்ற இத்தாலியச் சொல்லுக்கே சிற்றாலயத்தில் பாடுகிற மாதிரி என்றுதான் பொருள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து விஃபன்பூஃப்ஸ் 1909-லிருந்து பாடுகிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நம்மூர் வம்சாவளிப் பிள்ளைகள் 1996-ல் பென் மசாலா தொடங்கினார்கள். சர்ச்சில் பாடி வளர்ந்த உங்களுக்கு இது அன்னியச் சரக்கே இல்லை.

மூச்சை மட்டும் கவனியுங்கள். வரி முடிவில் எல்லோரும் மூச்சு எடுத்தால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்தில் நிற்பவள் எடுக்காத நேரத்தில், உயிரெழுத்து நீளும் இடத்தில், சத்தத்தைத் தணித்து எடுத்துவிட்டுப் பைய வந்து சேருங்கள். வீட்டில் 'திருடா திருடா' (1993) படத்தின் 'ராசாத்தி' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். ரஹ்மான் அதைக் குரல்களை மட்டும் வைத்தே கட்டியிருக்கிறார். முன்னால் பாடும் ஷாகுல் ஹமீதை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் குரல்களில் ஒன்றைப் பிடித்து கடைசிவரை கூடவே போய்ப் பாருங்கள். முதல் தடவை நடுவில் தவறிவிடும்.

அம்மாவுக்கு நான் எழுதிப் புரியவைக்க முடியாது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் வீட்டு முற்றத்துக்கு வரும்போது ஆல்ட்டோவில் நில்லுங்கள். முதல் சரணம் முழுக்கப் பாடுங்கள். இரண்டாவதில் வாயை மூடிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பாருங்கள்.