அந்த ஏஜெண்டுக்குக் காசு கட்டாதீங்க தம்பி

தம்பி, மலேசியா சுங்கை சிப்புட்ல 4 வருஷமா வயர்மேன் வேலை, ஏஜெண்டு 18,000 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறான், டூரிஸ்டா ஆஸ்திரேலியா போயி பழத்தோட்டத்துல சேர்ந்துட்டு அப்புறம் விசா மாத்திக்கலாம்னு சொல்றான், கட்டலாமான்னு கேட்டிருக்கீங்க. வேணாம் தம்பி. நம்ம மலேசியா பாஸ்போர்ட்டுக்கு போன்லயே எடுக்குற ஈடிஏதான் (சுத்திப் பாக்கப் போறதுக்கான அனுமதி) அது, ஒரு தடவைக்கு 3 மாசம் இருக்கலாம், கூலிக்கு வேலை செய்யக் கூடாது.

என் மச்சான் இப்படித்தான் போனாரு. விடியக்காலைல திராட்சைக்கொலை வெட்டணும், பெட்டிக் கணக்குல கூலி, அதுலயும் ரூமுக்கு வேனுக்குன்னு ஒருத்தன் புடிச்சுக்குவான், விரல்ல கத்திரி பட்டு சீழ் வச்சப்பகூட ஆஸ்பத்திரி போக பயந்து துணிய சுத்திக்கிட்டே வேலை செஞ்சாரு. அந்தக் காலத்துத் தோட்டத்துல நம்ம தாத்தாமார கங்காணி வச்சிருந்த மாதிரியேதான்.

உங்க கையில தொழில் இருக்கு லா! அங்க எலக்ட்ரீஷியனுக்கு ஆள் பத்தல. 2024 டிசம்பர் 7ல பழைய 482 வேலை விசாவுக்குப் பதிலா ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்னு புது விசா வந்துச்சு, கேக்குற அனுபவம் 2 வருஷம் இருந்தது 1 வருஷமா கொறைஞ்சிருச்சு. ஆனா முதலாளி ஸ்பான்சர் பண்ணணும், இங்கிலீஷ் டெஸ்ட் பாஸ் ஆகணும், ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியாங்கிற அரசாங்க அமைப்பு உங்க வேலைய பரிசோதிக்கணும்னு கேக்கலாம், போனப்புறமும் அங்கத்து லைசென்ஸ் எடுக்கணும். ஸ்பான்சர் பண்ண காசு வாங்குறதும் குடுக்குறதும் 2015லேர்ந்து அங்க சட்டவிரோதம்.

இப்பவே பே சிலிப், ஈபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மெண்ட், கரண்டு போர்டு மாட்டுற படம் எல்லாம் சேர்த்து வைங்க, முதலாளிகிட்ட என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு லெட்டர் வாங்குங்க. எஸ்கேஎம் (மலேசியா தொழில்திறன் சர்டிபிகேட்) எந்த லெவல்னு இங்க சொல்லுங்க, மேல பாப்போம்.