அக்டோபரில் சிட்னி போனால் கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் தண்ணீர் 18, 19 டிகிரிதான் இருக்கும். சென்னைக் கடலில் பழகிய உடம்பு முதலில் வெடவெடக்கும்.

குளிரைவிடப் பயப்பட வேண்டியது இழுப்பு நீரோட்டத்துக்கு. அலை உடையாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரிகிற இடம்தான் பெரும்பாலும் ஆளை உள்ளே இழுக்கும். பத்திரமான இடம் என்று நினைத்து அங்கேயே போய் இறங்கிவிடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், சீக்கிரம் களைத்துவிடுவீர்கள். மிதந்தபடியே கையைத் தூக்கி ஆட்டுங்கள், உயிர்காப்பாளர்கள் கவனிப்பார்கள்.

வசந்தகாலப் பகல் 22 டிகிரி வாக்கில் இதமாக இருப்பதால் வெயில் உறைக்காது. புற ஊதாக் கதிர் மட்டும் கடுமை. எஸ்பிஎஃப் 50 என்று போட்ட சன்ஸ்கிரீன் கிரீமைக் கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மாலைக் காற்றுக்கு மெல்லிய ஜாக்கெட் போதும்.

பாண்டை கடற்கரையிலிருந்து கூஜி கடற்கரை வரை 6 கி.மீ. கரையோர நடையைத் தவறவிடாதீர்கள். கூட்டம் சேருவதற்குள் காலையிலேயே தொடங்குங்கள். மரம் நிறையப் பூக்கும் ஊதா ஜக்கராந்தா பூக்களைப் பார்க்க ஆசையென்றால் மாதக் கடைசிதான் சரி. பகல் சேமிப்பு நேரம் தொடங்குவதால், அக்டோபர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3-க்குத் தாவும். அன்று விமானம் இருந்தால் நேரத்தைச் சரிபாருங்கள்.