'டயாபடிக்' பிஸ்கெட்டும் கொழுப்பு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறேன். ஆறு மாதமாகக் கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. இரவில் எடுக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பசி தாங்குவதில்லை. மருந்துக்கடையில் 'டயாபடிக் பிஸ்கெட்' வாங்கித்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. கொழுப்பு மாத்திரைதான் ஏற்றிவிடுகிறது, நிறுத்திவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்வது?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் அம்மா. அந்த வகை மாத்திரைகள் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) அதனால் பொதுவாக 0.1 அளவுக்குத்தான் நகரும். மாரடைப்பைத் தள்ளிவைக்கும் மருந்தை இதற்காக விடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

எனக்குச் சந்தேகம் உங்கள் பிஸ்கெட் மேல்தான். போன வாரம் ஒரு பெரியவர் இதே மாதிரி ஒரு பாக்கெட்டோடு வந்தார். முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம், 'சர்க்கரை சேர்க்காதது', 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்து. திருப்பினால் கடுகளவு எழுத்தில் முதல் பொருள் 'ரீஃபைண்ட் வீட் ஃப்ளவர்'. நம்ம மைதாதான். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. அடுத்தது பாமாயில். கேழ்வரகு ஐந்தாவது இடத்தில். இனிப்புக்கு மால்டிட்டால், அதுவும் சர்க்கரையை ஓரளவு ஏற்றும். நூறு கிராமுக்கு மாவுச்சத்து 66 கிராம். டீயோடு 50 கிராம் பிஸ்கெட் உள்ளே போனால் முக்கால் கப் சோறு சாப்பிட்ட கணக்கு.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்பதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பாமாயிலில் பாதிக்குப் பாதி பூரிதக் கொழுப்பு; அதுதான் உங்கள் கெட்ட கொழுப்பை ஏற்றுவது. இதையெல்லாம் முன்பக்கமே காட்ட 2022-இல் அரசு வரைவு போட்டது. என் மேசைக்கு வரும் பாக்கெட்டுகளில் உண்மை இன்னும் பின்பக்கம்தான். மருந்துக்கடையில் இருப்பதால் மருந்து மாதிரி என்று நம்பி வாங்குகிறார்கள் பாவம்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'ஹெல்த் கோச்' என்று சொல்லிக்கொண்டு சிறுதானிய குக்கீஸ், கொழுப்பைக் கரைக்கும் பொடி விற்பவர்களிடம் இன்னும் உஷார். 'ரெட் ஈஸ்ட் ரைஸ்' என்று இருந்தால் தொடவே வேண்டாம். அதில் லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்தே இயற்கையாக இருக்கிறது. நீங்கள் போடும் மாத்திரையோடு சேர்ந்தால் இரண்டு மாத்திரை போட்ட மாதிரி.

சரி, நாலு மணிக்கு என்ன? சுண்டல். கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டு வேகவைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து ஒரு சின்னக் கிண்ணம். அதிலுள்ள நார் சர்க்கரையை மெதுவாக ஏறவிடும். கொழுப்பையும் கொஞ்சம் இறக்கும். மாத்திரை இழுக்கும் பக்கமே அதுவும் இழுக்கிறது. சலித்தால் இங்கே ஊரே செய்யும் பாசிப்பருப்புக் கோசம்பரி (ஊறவைத்த பருப்பு சாலட்), சீசனில் அவரைக்காய் உசலி. பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷையில் (கடலைக்காய்த் திருவிழா) வாங்கினீர்களா? வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதோடு நிறுத்துங்கள். எண்ணெயில் பொரித்த நிப்பட்டு (நம்ம தட்டை மாதிரி) வேண்டாம்.

ஒன்றே ஒன்று, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்: சக்கோத்தா. நம்ம பம்ப்ளிமாஸ். தேவனஹள்ளிப் பழம் புவிசார் குறியீடு பெற்றது, தள்ளுவண்டியில் உரித்துக் கொடுப்பார்கள், சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்றும் சொல்வார்கள். அடோர்வாஸ்டாட்டினைக் குடலில் உடைக்கும் நொதியை இந்த இனப் பழங்கள் கட்டிப்போட்டுவிடும். மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரும். தசைவலி வரும், அபூர்வமாகத் தசையே சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் பயனில்லை. அந்தத் தடை ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். எப்போதோ ரெண்டு சுளை தின்றதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் தின்பதும், டம்ளர் டம்ளராக ஜூஸ் குடிப்பதும்தான் ஆபத்து. சாத்துக்குடி, எலுமிச்சைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் சாத்துக்குடியை ஜூஸ் போடாமல் சுளையாகவே சாப்பிடுங்கள். மருந்துச் சீட்டு எழுதும் மூன்று நிமிடத்தில் ஒரு வாக்கியம் இதற்கு ஒதுக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். டாக்டர் எப்போதாவது ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றினால் சக்கோத்தா பெரிய தொல்லை இல்லை. சிம்வாஸ்டாட்டின் என்றால் இன்னும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். க்ளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால், சர்க்கரை ரொம்ப இறங்கிக் கை நடுங்கி வியர்க்கும்போது சுண்டலைத் தேடாதீர்கள். உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள்.