அதிகப் பராமரிப்பு தேவைப்படாத நாட்டுக் கோரையை, புதர் மண்டியதுபோல் தெரியாமல் வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்கும் ஒழுங்கில் பெரும்பகுதி, எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. கோரைக் குடும்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. நட்ட இடத்திலேயே தூர் கட்டிப் பருப்பவையும் உண்டு, மண்ணுக்கடியில் தண்டை ஓடவிட்டுப் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொள்பவையும் உண்டு. தோட்டக்காரர்கள் அஞ்சும் கோரைக்கிழங்குக் களை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மேலே பிடுங்கினாலும் கிழங்கு மண்ணிலேயே தங்கி மீண்டும் முளைக்கும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். புதிய குருத்துகள் தாய்த்தூரை ஒட்டியே நேராக மேலெழுந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம். செதில் மூடிய வெளிர்நிறத் தண்டு ஒன்று கூர்முனையோடு பக்கவாட்டில் தொட்டிச் சுவரைத் துழாவிக்கொண்டிருந்தால், அதைச் சிறிய பாத்தியில் வைப்பது வீண் வேலை. பெரிய மரத்தடியில் வெற்றுத் தரையை மூடவேண்டுமென்றால் அதே செடி நன்றாகப் பயன்படும் என்பது வேறு விஷயம். உங்கள் பகுதிக்கு உரிய இனமாக இருந்தாலும் ஆற்றோரத்திலோ ஏரிக்கரையிலோ பெயர்த்தெடுக்காமல், நாற்றுப்பண்ணையில் வளர்த்ததையே வாங்குங்கள்.

பல வகைகளைக் கலந்து நடுவதை நான் விரும்புவதில்லை. ஒரே இனத்தைச் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் கூட்டமாக நட்டு, பாத்தியின் விளிம்பைக் கல்லாலோ செங்கல்லாலோ தெளிவாக வரையறுத்துவிட்டால், இலைகள் காற்றில் எப்படிச் சாய்ந்தாலும் அது திட்டமிட்டு வளர்த்ததாகவே தெரியும். முதல் பருவத்தில் மட்டும் தவறாமல் நீர் ஊற்றி, தூர்கள் ஒன்றோடொன்று கூடும்வரை மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலைதழைப் போர்வை) இட்டுக் களையெடுக்க வேண்டும். பராமரிப்பு இல்லாத செடி என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கட்டத்தைச் சொல்வதேயில்லை. உரம் அநேகமாகத் தேவையில்லை, மிகுந்தால் இலைகள் தளர்ந்து சரிந்துவிடும்.

ஆண்டுதோறும் காய்ந்துபோகும் இனமாயின், புதுத்துளிர் கிளம்புமுன் ஒருமுறை தரையிலிருந்து நான்கு விரல் உயரம் விட்டு வெட்டுங்கள். எப்போதும் பசுமையாக இருக்கும் இனத்தை அப்படி வெட்டாமல், கையுறை அணிந்து, விரல்களால் கோதிக் காய்ந்த இலைகளை மட்டும் உருவி எடுத்தால் போதும். பல கோரைகளின் இலை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள் இருப்பதால் வெறுங்கை கீறிக்கொள்ளும். சில ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி காய்ந்து ஓரம் மட்டும் பச்சையாக நின்றால், முழுவதையும் தோண்டி எடுத்து, வேரோடு கூடிய ஓரத்துத் துண்டுகளைப் பிரித்து நட்டுவிடலாம்.