வாங்குமுன் கேளுங்கள்: மவுண்டன் பைக்கும் உங்கள் கால் அளவும்

பாவித்த சைக்கிள் வாங்குவது பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மவுண்டன் பைக் பிரேம், அதாவது சைக்கிளின் உடற்சட்டம், பற்றியவை. இடம் போதாது என்பதால் எல்லாவற்றையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: உயரம் 5 அடி 5 அங்குலம். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து டவுனுக்கு வந்துபோக மவுண்டன் பைக் தேடுகிறேன். கையில் 60,000 ரூபா இருக்கிறது. ஏறிய கடையெல்லாம் "26 சைஸ், எல்லாருக்கும் சரிவரும்" என்கிறார்கள். வாங்கலாமா? (பண்டாரவளை)

பதில்: 26 என்பது சில்லின் அளவு. அந்தச் சைக்கிள் உங்களுக்குச் சரிவருமா என்பதை அந்த எண் சொல்லாது. 26 சில்லுப் பூட்டிய சைக்கிளிலேயே 14 அங்குல பிரேமும் உண்டு, 21 அங்குல பிரேமும் உண்டு. ஐந்தடிக்காரருக்கும் ஆறடிக்காரருக்கும் ஒரே பிரேம் பொருந்தாது என்பது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடையில் நிற்பது ஒரே அளவு, அதை விற்கவேண்டும், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்குப் பல வருடமாகக் கோபம் இந்த விஷயத்தில்தான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வீட்டில் அளந்துகொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு முதுகு சுவரில் படும்படி நில்லுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவுக்கு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதை 0.226 ஆல் பெருக்கினால் உங்களுக்கு எத்தனை அங்குல பிரேம் என்று ஓரளவு தெரியும். 75 செ.மீ. என்றால் 17 அங்குலம் வரும். உங்கள் உயரத்துக்கு 16, 17 பக்கத்தில்தான் வரும், ஆனாலும் ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடம்பு நீளமாகவும் இருக்கும் என்பதால் அளக்காமல் விடாதீர்கள்.

இந்தக் கணக்கோடு நின்றுவிடவும் கூடாது. பிரேமின் அங்குலம் என்பது சீட் குழாயின் நீளம். சில கம்பனிகள் அந்தக் குழாயை அதன் மேல் விளிம்புவரை அளக்கின்றன, சில மேல் பார் வந்து சேரும் இடம்வரை அளக்கின்றன, அதனால் ஒருவருடைய 17 இன்னொருவருடைய 18 ஆக இருக்கலாம். கடைக்கு அளவு நாடா கொண்டுபோய் இப்படிச் செய்யுங்கள்: சமதரையில் சைக்கிளின் பின் சில்லு சுவரில் முட்டும்படி நேராக நிறுத்தி, சுவரிலிருந்து பெடல் அச்சின் நடுவரை கிடையாக அளவுங்கள், பிறகு சுவரிலிருந்து ஹேண்டில் குழாயின் (பிரேமின் முன்னால் ஹேண்டில் இறங்கும் குழாய்) மேல் நுனியின் நடுவரை அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரீச். பெடலில் எழுந்து நிற்கும்போது உங்கள் கை எவ்வளவு தூரம் நீளவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பழைய 26 பிரேம்களில் ரீச் குறைவாகவும் ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடித்து முன்னே நீட்டும் துண்டு) நீளமாகவும் இருக்கும், புதியவற்றில் நேர்மாறாக இருக்கும். ஆகவே பழையதையும் புதியதையும் வெறும் அங்குலத்தை வைத்து ஒப்பிட முடியாது.

அப்புறம் சப்பாத்தோடு பாரின் மேலாகக் காலைப் போட்டு நின்று பாருங்கள். உடம்புக்கும் பாருக்கும் இடையில் குறைந்தது 5 செ.மீ. இருக்கவேண்டும். கடையின் தரை சமமாக இருக்கும், நமது பாதை அப்படி இல்லை. சரிவில் நிறுத்தினால் கீழ்ப்பக்கம் ஊன்றும் கால் இன்னும் தாழ்ந்த இடத்துக்குப் போகிறது, அந்த 5 செ.மீ. காணாமல் போய்விடும். மலையில் ஓடுகிறவர்கள் அதைவிடக் கூடுதலாகவே இடைவெளி பார்த்து வாங்குங்கள்.

26 பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். மவுண்டன் பைக்கின் 26 சில்லில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த டவுன் சைக்கிள்களில் 26×1⅜ என்று போட்டிருக்கும், அதன் விட்டம் 590 மி.மீ. ஒன்றின் டயர் மற்றதற்கு ஏறாது. நான் வாங்கிய ஜப்பான் சைக்கிளுக்கு ஒரு கடையில் "26 தானே" என்று டயர் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டில் பூட்டப் பார்த்தால் ரிம்மை நெருங்கவே இல்லை, திரும்பக் கொண்டுபோனபோது எடுக்கவும் மறுத்துவிட்டார்கள். டயரின் பக்கத்தில் 559, 590, 584, 622 என்று சின்னதாக ஓர் எண் அச்சடித்திருக்கும், பழைய டயரில் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். 27.5 என்று விற்பது 584, 29 என்று விற்பது 622.

கேள்வி: முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த புதுச் சைக்கிள் 45,000க்குத் தருகிறார்கள். நல்லதா? (கொட்டகலை)

பதில்: வேண்டாம். அந்த விலையில் பின் ஸ்பிரிங் பாரத்தையும் ஆட்டத்தையும்தான் தரும், ஏற்றத்தில் நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும்.

கேள்வி: மகனுக்கு 12 வயது, 4 அடி 6 அங்குலம். இப்போது சின்னது வாங்கினால் இரண்டு வருடத்தில் பத்தாமல் போகும். 18 அங்குல பிரேம் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வளர்ந்துவிடுவான்தானே? (ஹட்டன்)

பதில்: வளருவான். அதுவரை அவன் விழாமல் இருக்கவேண்டுமே. பள்ளிச் சட்டையைப் பெரிதாகத் தைத்து மடித்துவிடுவது போலச் சைக்கிளைச் செய்ய முடியாது. கால் எட்டாத பிள்ளை இறக்கத்தில் நிற்க நினைத்தால் ஒரு பக்கமாகச் சாயத்தான் முடியும், ஹட்டன் பாதையில் பக்கத்தில் பஸ் வந்துகொண்டிருக்கும். 24 சில்லு, 13 அங்குலம் அளவிலான பிரேம் பாருங்கள். சீட்டை முழுக்க இறக்கினால் இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் படவேண்டும். பிரேக் பிடிக்க விரல் எட்டுகிறதா என்றும் பாருங்கள், பல பிரேக் லீவர்களில் தூரத்தைக் குறைக்கச் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். பத்தாமல் போகும்போது தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ அது உதவும்.

கேள்வி: கொழும்பில் ஒருவரிடம் படத்தைப் பார்த்து முழுக் காசும் அனுப்பி அலுமினிய பிரேம் சைக்கிள் எடுத்தேன். வந்த பிறகுதான் 21 அங்குலம் என்று தெரிந்தது. நான் 5 அடி 4. சீட்டை இறக்கினால் சமாளிக்கலாமா? (நுவரெலியா)

பதில்: சமாளிக்க முடியாது. அளவைக் கேட்க ஒரு போன் போதும். அதைக் கேட்காமல் முழுக் காசையும் அனுப்பிவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள், இந்த மாதம் இப்படி வந்த கடிதம் உங்களுடையது மட்டும் இல்லை. சீட்டை இறக்கினால் பிரேமின் நீளம் குறையாது. பெடலில் எழுந்து நின்றால் சீட் கணக்கிலேயே இல்லை, ஹேண்டில் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். அளவுக்கு மீறி இறக்கிய சீட்டில் உட்கார்ந்து ஏற்றம் மிதித்தால் முழங்கால் முழுதாக நீளாமல் நோவெடுக்கும். ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றினால் மூன்று நான்கு சென்டிமீட்டர் மீட்கலாம், ஆனால் மேல் பாரின் உயரம் அப்படியேதான் இருக்கும். விற்றவர் அளவைப் பற்றிப் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை, எனவே அவரோடு சண்டைபிடிப்பதிலும் பயனில்லை. ஓட்டிக் கீறல் விழுமுன் உயரமான ஒருவருக்கு விற்றுவிடுங்கள். விளம்பரத்தில் 21 அங்குலம் என்று தெளிவாகப் போடுங்கள்.

கேள்வி: கடையொன்றில் "புது பிரேம்" என்று சொல்லி விற்றார்கள். ஆறு கிழமையில் ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடத்தில் வெடித்துவிட்டது. பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய பெயின்ட் தெரிகிறது. பில் தரவில்லை. இப்போது "பில் இல்லாமல் கதைக்க வேண்டாம்" என்கிறார்கள். கொழுந்து எடுத்துச் சேர்த்த அம்மாவின் காசு, ஐயா. (பதுளை)

பதில்: தம்பி, முதலில் அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். ஹேண்டில் பக்கத்து வெடிப்பை நம்ப முடியாது, ஒரு குழியில் விழுந்ததும் முன்பக்கம் தனியாகப் போய்விடலாம். பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள், அதற்கும் உடனே சம்மதிக்காதீர்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதைத் தெரிந்தவர் ஒட்டிக்கொடுக்கலாம். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம். அலுமினிய பிரேம்களில் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலையில் வெல்டிங் செய்த பிறகு சூட்டில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள், சந்திப் பட்டறையில் அந்த வசதி கிடையாது. ஒட்டிய இடத்தைச் சுற்றி உலோகம் மென்மையாகி, பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும்.

காசு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்கிற வாடிக்கையாளருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. அதைக் கொடுக்காதவர்களே பில்லைக் கேட்டு உங்களை விரட்டுவது எந்த நியாயமும் இல்லை. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். உங்களுக்கு ஆறு கிழமை போய்விட்டது, இந்தக் கிழமையே எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் விபரம் கேட்கலாம், மாவட்ட அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் அரசகரும மொழிதான்.

பில் இல்லாவிட்டாலும் ஆதாரம் இருக்கும். வங்கியில் காசு எடுத்த நாள், கடைக்காரரோடு போனில் அனுப்பிக்கொண்ட செய்திகள், வாங்கிய அன்று எடுத்த படம், கூட வந்தவர், எல்லாம் உதவும். வெடிப்பையும் பழைய பெயின்டையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பிரேம் இலக்கம் குத்தியிருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிரேமை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள், கையை விட்டுப் போனால் வழக்கும் போய்விடும். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை கடைக்குப் போய், முறைப்பாடு எழுதியிருப்பதைக் காட்டுங்கள். பலர் அந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், கடிதத்தை நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: வெறும் பிரேம் ஒன்று 15,000க்கு வருகிறது. என் பழைய சைக்கிளின் சாமான்களைக் கழற்றி இதில் பூட்டினால் மலிவாக முடியும்தானே? (அப்புத்தளை)

பதில்: சாமான் ஒத்துவந்தால் மலிவு. வராவிட்டால் பிரேமின் விலையைவிட மேல்செலவு கூடிவிடும். பழைய சைக்கிளில் பின் அச்சு பிடிக்கும் இடைவெளி பெரும்பாலும் 135 மி.மீ., புதிய பிரேம்களில் 142 அல்லது 148, உங்கள் பின் சில்லு அதில் நிற்காது. ஹேண்டில் குழாய் மேலும் கீழும் ஒரே பருமன் என்றால் 1⅛ அங்குல ஃபோர்க் (முன் சில்லைப் பிடிக்கும் கவை) போகும். கீழே அகன்ற குழாய் என்றால் பழைய ஃபோர்க்குக்குத் தனி வளையம் தேவை. பெடல் அச்சு போகும் குழாயில் புரி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள், புரி இல்லாவிட்டால் உங்கள் பழைய அச்சு வேலைக்கு ஆகாது. சீட் போஸ்ட் 27.2, 30.9, 31.6 என்று பல பருமனில் உண்டு, அதில் அரை மில்லிமீட்டர் வித்தியாசமும் வித்தியாசம்தான்.

சீட் போஸ்ட் ஏற்கெனவே பூட்டியிருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். என் வீட்டில் ஒரு பிரேம் இன்னும் கிடக்கிறது, போஸ்ட் உள்ளே இறுகிப்போய். விற்றவர் எண்ணெய் விட்டால் வரும் என்றார். எண்ணெய், சுடுதண்ணீர், வைஸ் எல்லாம் பார்த்தாயிற்று, அசையவில்லை. பின் கியர் தொங்கும் சின்னத் துண்டு வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பிரேமுக்குப் பிரேம் அதன் வடிவம் வேறு, உடைந்தால் தேடி அலையவேண்டும். பிரேம் இலக்கம் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு என்றாலும் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: 5 அடி 2. ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போய்வர. 15க்கும் 17க்கும் நடுவில் நிற்கிறேன். எதை எடுப்பது? (தலவாக்கலை)

பதில்: 15, அக்கா. சின்ன பிரேமைச் சீட்டை உயர்த்தியும் ஸ்டெம்மை மாற்றியும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், பெரிய பிரேமைக் குறைக்க வழியில்லை. சீட் போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு வெளியே தெரியும்படி மட்டும் உயர்த்தாதீர்கள், உயர்த்தினால் சீட் குழாய் வெடிக்கும். லயத்துப் படியில் தூக்கி ஏற்றுவதற்கும் 15 தான் இலேசு. "லேடீஸ் சைக்கிள்" என்று காட்டி விலை கூட்டினால், கால் அளவையும் ரீச்சையும் மட்டும் பாருங்கள். பொருந்தினால் எந்தப் பெயரில் விற்றாலும் ஒன்றுதான்.

கேள்வி: கடையில் நாடா எடுத்து அளந்தால் முகம் சுளிக்கிறார்கள். (வெலிமடை)

பதில்: அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: பிடித்த பிரேமில் டிஸ்க் பிரேக் பூட்ட இடமில்லை, ரிம் பிரேக் மட்டும்தான். விலை நன்றாகக் குறைகிறது. றம்பொடைப் பக்கம் இறங்குவேன். போதுமா? (நுவரெலியா)

பதில்: 1,868 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிற பாதை அது. மழையில் ரிம் நனைந்தால் முதல் சில சில்லுச் சுற்றுக்குப் பிரேக் பிடிக்காது, சேறும் மணலும் சேர்ந்து ரப்பரையும் ரிம்மையும் ஒன்றாகத் தின்னும். வெயில் காலத்தில் மட்டும் ஓடுவீர்கள் என்றால் வாங்குங்கள், ரப்பரை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள். தென்மேற்கு மழையிலும் ஓடவேண்டும் என்றால் டிஸ்க் பூட்டும் துளை உள்ள பிரேமாகத் தேடுங்கள். வயரால் இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும், நீங்களே திருத்திக்கொள்ளலாம். பிரேமில் இடம் இருந்து ஃபோர்க்கில் இல்லாவிட்டால் ஃபோர்க்கை மாற்றலாம். இறக்கத்தில் முன் பிரேக்தான் முக்கியம், அதனால் காசு குறைவு என்றால் முதலில் முன்பக்கத்துக்குப் போடுங்கள்.