மைலேஜ் கூட்டும் கருவிகள்: கேள்வி-பதில்

பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் புகை குறையும், மைலேஜ் கூடும் என்கிறார்கள். 2,800 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது.

மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி பிளக்கில் சொருகும் கருவி ஒன்றை ஆன்லைனில் 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். 'நீங்கள் ஓட்டும் விதத்தைச் சிப் கற்றுக்கொள்ள 250 கி.மீ. ஆகும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. 600 ஓட்டியும் மாற்றமில்லை. இன்னும் பொறுக்க வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பொறுக்காதீர்கள் அம்மணி, இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். அந்த 250 கி.மீ. ஓடி முடிப்பதற்குள் பொருளைத் திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் முடிந்துவிடும். போன வருஷம் நானும் இதே மாதிரி ஒன்று வாங்கினேன். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிளக்கில் 16 முனைகள் இருக்கும். இப்போதைய கார்களில் வண்டியின் கணினியோடு பேசும் கம்பிகள் 6-ஆம், 14-ஆம் முனைகளில் வரும். என்னிடம் வந்ததில் அந்த இரண்டு முனைகளும் எதோடும் சேரவில்லை. கரன்ட் வரும் முனைக்கும் எர்த்துக்கும் மட்டும் ஈயம் பற்ற வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த சிப்புக்கு மூன்று விளக்குகளை மினுக்குவதைத் தவிர வேறு வேலையில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. உங்களுக்காவது வரட்டும்.

கோவையில் ஒரு டீலர், காற்று உள்ளே போகும் குழாயில் விசிறி மாதிரி ஒரு தகடு வைத்து, ஆடி மாதம் என்னையே ஈரோடு வரை ஓட்ட வைத்துக் காட்டினார். 15 கொடுத்த வண்டி 19 கொடுத்தது. கண்ணால் பார்த்தேன். 9,000 ரூபாய். வாங்கிவிடலாமா?
– வாசகர், பெருந்துறை

நீங்கள் பார்த்தது பொய்யில்லை. ஆனால் அது தகடு செய்த வேலையில்லை.

கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே. மொத்தத்தில் இறக்கம்தான். அதோடு ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து கிழக்கே பாய்கிற காலம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே காற்று உங்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. டீலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் மிதித்து ஓட்டுவதில்லை. 19 என்று காட்டியதும் வண்டியின் திரையாகத்தான் இருக்கும். அது கணினி போடும் கணக்கு, டேங்க்கை அளந்து சொன்னதில்லை.

இந்த ஒரு வழி டெமோவைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. சரியாக அளப்பது சிரமமே இல்லை. பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்புங்கள். ஈரோடு போய், அதே வழியில் கோவை திரும்பி, அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். தகடு இல்லாமல் சில தடவை, தகடோடு சில தடவை. டயர் காற்றும் ஏசியும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். டீலரிடம் "திரும்பிக் கோவைக்கும் ஓட்டிப் பார்க்கலாம், வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். சம்மதிக்காதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

'எரியாத பெட்ரோலை எரிக்கும்' என்று சொல்லியிருப்பார். ஒழுங்காக ஓடும் இன்ஜினில் எரியாமல் போவது நூற்றில் இரண்டு பங்கு கூட இல்லை. மீதி நஷ்டத்தில் பெரும்பங்கு சைலன்சரிலும் ரேடியேட்டரிலும் போகும் சூடு. அதைத் தகடு எப்படிப் பிடிக்கும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட கருவிகளை நூற்றுக்கு மேல் ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைச் சொல்லிக்கொள்ளும்படி கூட்டியது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறேன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட்டைத் தவணையில் 24,000 ரூபாய்க்கு மாட்டினேன். 30 சதவீதம் மிச்சம் என்றார்கள். இப்போது இன்ஜின் விளக்கு எரிகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. 'வணிக வாகனம், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்கிறார் சென்னையில் இருக்கும் டீலர்.
– வாசகர், காங்கேயம்

டீலர் சொல்வது தவறு. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருத முடியாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நீங்கள் நுகர்வோர்தான்.

முதலில் கிட்டைக் கழற்றுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் கரன்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது, ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது உங்கள் எரிபொருள்தான். எரித்துத் திரும்பக் கிடைப்பதைவிடச் செலவழிப்பது அதிகம். சில கிட்களில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் சின்ன சர்க்யூட்டும் வைப்பார்கள். அது இருந்தால் இன்ஜின் மிஸ்ஸாகும், சூடேறும், நைட்ரஜன் ஆக்சைடு புகையும் கூடும். மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, கழற்றிய கிட்டைப் பத்திரமாக வையுங்கள்.

பில், தவணைச் சீட்டு, விளம்பரம், வாட்ஸ்ஆப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். பணத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். மசியாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருஷம். உழைத்துச் சம்பாதித்த காசு, விட்டுவிடாதீர்கள். நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

இது நான் வாங்கும் மூன்றாவது கருவி. எதுவும் வேலை செய்யவில்லை. பில் போட்டால் விலை கூடும் என்றதால் பில் வாங்கவில்லை. கேஸ் போடலாமா?
– வாசகர், கரூர்

முதல் கருவி ஏமாற்றியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். பில் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டதும் நீங்கள்தான். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் வாட்ஸ்ஆப்பும் சாட்சியாகும். ரொக்கம் என்றால் கஷ்டம்.

2017 பெட்ரோல் கார். புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு கூடுதல் என்று தோற்றது. சைலன்சர் முனையில் ஒரு ஃபில்டர் மாட்டினால் பாஸாகும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.
– வாசகர், நாமக்கல்

மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு கூடினால், ஒன்று பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லை புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துவிட்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் ஏர் ஃபில்டர், பிளக், ஆக்சிஜன் சென்சார் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்சார் போயிருந்தால், மாற்றியதும் புகையும் குறையும், இழந்த மைலேஜும் திரும்பும். அப்புறம், பரிசோதனைக்குக் குளிர்ந்த வண்டியோடு போகாதீர்கள். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடானால்தான் வேலை செய்யும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேராக அங்கே நிறுத்துங்கள்.